மாடியில் கோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். இப்போது இருப்பது ஐந்து பெட்டை. அலுவலகத்தில், காய்கறிக் கடையில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்கிறார், கேள்விகளும் பெரும்பாலும் அதேதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் கோழியோடு வளர்ந்தவள், அவ்வளவுதான். ஊரில் தெரிந்துகொண்டதில் பாதி இங்கே செல்லாது என்பது இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

அக்கா, சென்னைக்குள் கோழி வளர்த்தால் மாநகராட்சியிலிருந்து வந்துவிட மாட்டார்களா?

வீட்டுக்கு முட்டை வேண்டுமென்று நாலைந்து கோழி வைத்திருப்பவரைத் தேடிக்கொண்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. புகார் போனால்தான் ஆள் வரும். புகார் போவது நாற்றத்துக்கு, இல்லாவிட்டால் சேவல் சத்தத்துக்கு. வாடகை வீடு என்றால் வாங்குவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். வாங்கிவிட்டு மறைத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், முட்டையிட்ட பெட்டை கேறுகிற சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மாடி உங்கள் மாடி கிடையாது, சங்கத்தில் எல்லோரும் சரி என்றால் ஒழிய அதைத் தொடாதீர்கள். பால்கனியில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். கோழி மண்ணைக் கிளறாமல் இருக்காது, கிளறினால் கீழ்வீட்டில் காயப்போட்ட துணியில்தான் விழும்.

ஒரு விஷயம், அக்கம்பக்கத்தாருக்கு முட்டை கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமி சுத்த சைவம். முட்டையை வைத்து அங்கே ஒன்றும் நடக்கவில்லை. முதல் வருடம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. நாற்றத்தை நான் சரிசெய்த பிறகு, மக்கிய கோழி எருவை ஒரு வாளி கொண்டுபோய் அவர்கள் மல்லிகைத் தொட்டிக்குக் கொடுத்தேன். இப்போது அவரே "எரு தீர்ந்துபோச்சு" என்று மாடிச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுக்கிறார்.

எத்தனை கோழி? எவ்வளவு இடம்?

மூன்றிலிருந்து ஐந்து. ஒன்றே ஒன்று வாங்காதீர்கள், தனிக்கோழி ஏங்கிப்போய் நாள் முழுக்கக் கத்தும். இரவு அடைகிற கூட்டுக்குள் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். பகலில் உலாவ ஒன்றுக்குப் பத்து சதுர அடியாவது விடுங்கள். இடம் நெருங்கினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும், ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும். முட்டையிட நாலைந்து கோழிக்கு ஓர் அடி நீள அகலத்தில் ஒரு பெட்டி போதும். எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒன்றுக்குத்தான் வரிசையில் நிற்கும்.

உட்கார்ந்து தூங்க இரண்டு அங்குல அகலத்தில், விளிம்பு உரசி வழுவழுப்பாக்கிய கட்டை வையுங்கள். வெறும் சிமெண்டுத் தரையிலேயே நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வந்து ஆணி மாதிரி இறுகிவிடும். மாடியில் வளர்ப்பவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

சேவல் இல்லாமல் முட்டை எப்படி வரும்?

வரும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும், முட்டையிட வேண்டாம். படித்தவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள், ஊரில் யாரும் கேட்டதில்லை.

நகரத்தில் சேவல் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். விடியலைப் பார்த்துத்தான் கூவும், அதனால் கூட்டை இருட்டாக்கினால் கூவாது என்று நானும் நம்பி, சாக்கு போட்டு மூடிப் பார்த்தேன். அதிகாலை மூன்றே முக்காலுக்கு சாக்குக்குள்ளிருந்தே கூவினான். சேவலுக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, வெளிச்சம் மாறாத அறையில் அடைத்தாலும் அந்தந்த நேரத்துக்குக் கூவுகிறது என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சோதனை செய்தே 2013-ல் எழுதியிருக்கிறார்கள். என் சாக்கு என்ன செய்யும்!

எந்த வகை வாங்கலாம்?

முதலில் உங்களுக்கு வேண்டியது முட்டையா, நாட்டுக்கோழி என்கிற பெயரா என்று முடிவு செய்யுங்கள். சுத்தமான சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி, வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை இட்டால் அதிகம். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் தாங்கும் சக்தி உண்டு, புத்தி உண்டு, பருந்து நிழல் விழுந்தால் ஓடி ஒளியத் தெரியும். பண்ணை வெள்ளைக்கோழி முந்நூறு முட்டை இடும், மற்றபடி மாடி வெயிலுக்கும் நம் கவனக்குறைவுக்கும் பழகியதில்லை.

நடுவில் இருப்பவை மேம்படுத்திய இனங்கள். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தவை வனராஜா, கிராமப்பிரியா. இதில் முட்டைக்கு கிராமப்பிரியா. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது நந்தனம் கோழி, சென்னை நந்தனத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்தான் அதற்கு. என்னிடம் இருப்பதில் மூன்று கிராமப்பிரியா, இரண்டு சிறுவிடை. இந்தக் கலவை எனக்குச் சரியாக இருக்கிறது.

கடக்நாத் கேட்பவர்களுக்கு: அது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், கறி, எலும்பு வரை கறுப்பு. முட்டை கறுப்பு இல்லை. கறுப்பு முட்டை வரும் என்று ஆறு மாதம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். முதல்முறை வளர்ப்பவர் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

குஞ்சாக வாங்காமல் நாலு, ஐந்து மாத விடைக்கோழியாக வாங்குங்கள். பண்ணை இனம் ஐந்தாவது மாதத்திலும், நாட்டுக்கோழி ஆறு ஏழு மாதத்திலும் முதல் முட்டை இடும்.

தெருவில் பச்சை, ரோஸ் கலரில் குஞ்சு விற்கிறானே, பிள்ளை அழுகிறது, வாங்கலாமா?

வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்காகப் பொரித்த குஞ்சுகளில் சேவல் என்று கழித்துக் கட்டியவை. முட்டையும் இடாது, கறிக்கும் சீக்கிரம் வளராது என்பதால் சாயம் போட்டுத் தள்ளுவண்டிக்கு வருகின்றன. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு போட்டு வைக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் இரண்டு நாள் வெயிலிலும் பனியிலும் சுற்றிய குஞ்சு, பிள்ளை கையிலேயே செத்துப்போகும். பிழைத்துவிட்டால் மேலே சொன்ன மூன்றே முக்கால் மணிக் கச்சேரி உங்கள் வீட்டில்தான்.

நாற்றம் வராமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உருப்படியான கேள்வி. இதற்கு வழி செய்துகொண்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும், இதற்கு வழியில்லையென்றால் கோழி வாங்கவே வேண்டாம்.

கோழி எச்சம் காய்ந்திருந்தால் நாறாது. ஈரம் பட்டால்தான் அம்மோனியா கிளம்பும், ஈ வரும், புழு வரும். நான் முதல் வருடம் செய்த தப்பு, சுத்தம் என்று நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவியது. கழுவக் கழுவ நாற்றம் கூடியது, அந்தத் தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியாக மாமி வீட்டுப் பக்கம்தான் இறங்கியது. அவர் பேசாமல் இருந்ததில் தப்பே இல்லை.

இப்போது கூட்டுக்குள் ஐந்து அங்குல உயரத்துக்குக் காய்ந்த தேங்காய் நார்க்கழிவும் மரத்தூளும் கலந்து போட்டிருக்கிறேன். ஆழ்கூளம் என்பார்கள். எச்சம் அதில் விழும், கோழியே கிளறிவிடும், நானும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறுவேன். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டுத் திறந்தால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும். நின்றால் ஈரம் அதிகம், காய்ந்த கூளம் சேர்க்க வேண்டும், தண்ணீர்ப் பாத்திரம் எங்கே கவிழ்கிறது என்று பார்க்க வேண்டும். இரவில் அவை உட்காரும் கட்டைக்குக் கீழேதான் எச்சம் அதிகம் சேரும், அங்கே ஒரு பலகையில் சாம்பல் தூவி வைத்திருக்கிறேன். காலையில் சுரண்டி எடுக்க மூன்று நிமிடம். சனிக்கிழமைதோறும் மேல்கூளம் கொஞ்சம் அள்ளி, காய்ந்த இலையோடு மூடிபோட்ட டிரம்மில் மக்கவிடுவேன். இரண்டு மூன்று மாதமாவது ஆக வேண்டும், பச்சை எச்சத்தை அப்படியே தொட்டியில் போட்டால் செடி கருகும். சுண்ணாம்பைக் கூளத்தில் அதிகமாகக் கலக்காதீர்கள், அது அம்மோனியாவைக் கிளப்பிவிடும்.

தீனி என்ன போடுவது? மிச்சச் சோறு போதாதா?

ஒரு கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம். மிச்சச் சோறு மட்டும் தின்ற கோழி கொழுக்கும், முட்டை இடாது. பாதிக்குப் பாதி கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனமும், மீதிக்குக் கம்பு, உடைத்த மக்காச்சோளம், குருணை, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, ஒரு கை கருவாட்டுத் தூளும் கலந்து போடுகிறேன். புண்ணாக்கில் பூஞ்சணம் தெரிந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள், அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். மழைக்காலத்தில் மொத்தமாக மூட்டை வாங்காததும் இதனால்தான்.

ஒரு முட்டை ஓட்டில் கிட்டத்தட்ட இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. தீனியில் கிடைக்கவில்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதனால் கிளிஞ்சல் உடைத்து ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள், வேண்டியது தேவைக்குத் தின்றுகொள்ளும். முட்டை ஓடு போடுவதானால் வறுத்துத் தூளாக்கிப் போடுங்கள், ஓடு ஓடாகப் போட்டால் தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்த கோழியைத் திருத்துவது குடிகாரரைத் திருத்துவது மாதிரி.

உப்புக் கறி, ஊறுகாய் ஒட்டிய சோறு, கெட்டுப்போனது எதுவும் வேண்டாம். கீரைத்தண்டு, முருங்கை இலை, தர்பூசணித் தோல் என்றால் உயிர். ஊரில் பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் நிரப்பி ராத்திரி கவிழ்த்து வைப்பார்கள், காலையில் பானை நிறையக் கரையான். மாடியில் அதற்கு வழியில்லை, கரப்பானும் பூரானும்தான் இங்கே விருந்து. தெர்மகோலை மட்டும் மாடியில் எங்கும் விட்டுவைக்காதீர்கள். ஏன் என்று தெரியாது, அப்படி ஒரு வெறியோடு தின்னும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மாடியில் தாங்குமா?

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் தாங்காது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். 38 டிகிரி தாண்டியதும் இறக்கையை விரித்துக்கொண்டு கொதகொதவென்று இரைக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும், ஓடு கட்ட அதுவும் வேண்டும் என்பதால் அந்த மாதங்களில் ஓடில்லாத தோல் முட்டையும் மெல்லிய ஓடும் வரும். கிளிஞ்சல் போட்டும் ஏன் இப்படி என்று குழம்ப வேண்டாம்.

தகரக் கூரை போடாதீர்கள். போட்டுவிட்டால் மேலே தென்னங்கீற்று வேய்ந்து, மதியம் இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள். கூடு இருக்கும் இடத்தில் தரையைக் கைவைத்துப் பாருங்கள், காங்கிரீட் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிவரை விடும். எங்கள் கூட்டைச் செங்கல் வைத்து ஓர் அடி உயர்த்திய பிறகுதான் சாவு நின்றது. தண்ணீரை மண்சட்டியில் வையுங்கள், வெயிலில் ஒரு கோழி அரை லிட்டர் வரை குடிக்கும். தினமும் கொட்டித் தேய்த்து மாற்ற வேண்டும், கொசுப்புழு பார்க்க வருகிற மாநகராட்சிப் பணியாளர் முதலில் எட்டிப் பார்ப்பதும் அந்தச் சட்டியைத்தான்.

மழைக்காலம்?

ஐப்பசி கார்த்திகையில் கூளம் நனையாமல் காப்பதுதான் வேலையே. நனைந்த கூளத்தில் ரத்தக் கழிச்சல் வரும். சாரல் அடிக்கிற பக்கம் தார்ப்பாய், எதிர்ப்பக்கம் காற்றுக்குத் திறப்பு. நாலு பக்கமும் மூடிவிட்டால் உள்ளே மூச்சு முட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த அன்று கூட்டை நம்பாமல் ஐந்தையும் குளியலறையில் கொண்டுவந்து விட்டோம். கரண்டு இல்லை, கீழே தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டில் நாலு பேருக்கும் அவசரத்துக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கழிவறை. என் வீட்டுக்காரர் அந்த இரண்டு நாளை இன்னும் மறக்கவில்லை, சண்டை வந்தால் அதில்தான் தொடங்குவார்.

பூனை வராதா?

வரும், ஆனால் வளர்ந்த கோழியிடம் பூனை யோசிக்கும். பெருச்சாளி யோசிக்காது. ராத்திரி தூங்குகிற கோழியின் காலைக் கடித்து இழுக்கும். சாதாரண அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர எதையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போடுங்கள், தரையிலும் போடுங்கள். சிந்திய தீனியை ராத்திரி விட்டுவைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், மாடிக்கும் வரும். குஞ்சு இருந்தால் காகமும் வல்லூறும் பகலிலேயே தூக்கும், மேலே வலை வேண்டும்.

நோய் வந்தால் என்ன செய்வது? தடுப்பூசி எங்கே போடுவார்கள்?

பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சலுக்கு. ராணிகேத் என்பார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், தலை தொங்கும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து இல்லை. முன்னால் தடுப்பதுதான்: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, நாலாவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலில் ஊசி. சில்லறையாக வாங்க முடியாததுதான் நம் பிரச்சினை, சின்னக் குப்பியே பெரும்பாலும் நூறு கோழிக்கு உரியது, குளிர் விடாமல் கொண்டுவர வேண்டும், கரைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, மற்றவர்கள் கோழிக்குப் போடுகிற நாளில் கூடையில் தூக்கிக்கொண்டு போங்கள். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும். உடம்புக்கு முடியாத கோழியென்றால் நான் போவது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. 1903-லிருந்து இருக்கிற கல்லூரி, அங்கே கோழியைக் கூடையில் கொண்டுபோனால் யாரும் சிரிப்பதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம் ஒரு வாரச் சந்தையில் அழகான செவலைப் பெட்டை இரண்டு வாங்கிவந்து, அன்று மாலையே மற்ற ஆறோடு கூட்டில் விட்டேன். பத்து நாளில் எட்டில் இரண்டுதான் மிச்சம். புதுக்கோழியைக் குறைந்தது மூன்று வாரம் தனியாக அடைத்து, வேறு பாத்திரத்தில் தீனி வைத்து, பழைய கோழிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். ஊரில் அம்மா புதுக்கோழியைப் பஞ்சாரக் கூடைக்குள் தனியாகக் கவிழ்த்து வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

கீழாநெல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருண்டையாகக் கொடுக்கிற வழக்கம் உண்டு, நானும் கொடுக்கிறேன், ஆனால் தடுப்பூசிக்குப் பதிலாக இல்லை. மனுஷருக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். அந்த மருந்து முட்டையில் இறங்கும், அந்த முட்டையை உங்கள் பிள்ளைதான் தின்னப் போகிறது.

பறவைக்காய்ச்சல் பயம் இல்லையா? குழந்தைகள் இருக்கிற வீடு.

இந்தியாவில் முதலில் வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாபூர்ப் பண்ணைகளில். அதன் பிறகும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் செய்தி வந்தால் நான் மேல்வலையை இறுக்கிக் காகம், புறா தீனித்தட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்வேன். ஒரே நேரத்தில் பல கோழி திடீரென்று செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். செத்ததைக் குப்பைத்தொட்டியில் வீசக் கூடாது, அவர்கள் வந்து சொல்கிறபடி செய்யுங்கள்.

அன்றாடம் உள்ள ஆபத்து இதைவிடச் சாதாரணமானது: சால்மொனெல்லா கிருமி. கோழியைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், கூட்டுக்குப் போகும் செருப்பு மாடியிலேயே இருக்க வேண்டும், குஞ்சுக்கு முத்தம் கிடையாது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது.

கோழி இரண்டு நாளாகப் பெட்டியை விட்டு எழவே இல்லை, கொத்த வருகிறது. நோயா?

அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. சேவல் இல்லாத முட்டையில், குஞ்சு பொரிக்கிற கணக்கான 21 நாள் இல்லை, 210 நாள் உட்கார்ந்தாலும் கூமுட்டைதான். இறக்கிவிட்டு, பெட்டியை மூடி, காற்றோட்டமான கம்பிக்கூண்டில் மூன்று நாள் விடுங்கள், அடிவயிற்றுச் சூடு தணிந்தால் தெளிந்துவிடும். தண்ணீரில் முக்கி எடுப்பார்கள் சிலர். எனக்குப் பிடிக்காது.

ஆசைக்குக் கருக்கட்டிய முட்டை வாங்கி வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். பொரிப்பதில் பாதி சேவலாக இருக்கும். அந்தப் பாதியை என்ன செய்வீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வையுங்கள். "முருகன் கோயிலுக்கு விட்டுவிடலாம்" என்று சொல்லாதீர்கள், அங்கே ஏற்கெனவே நிறைய நிற்கிறது.

திடீரென்று முட்டையை நிறுத்திவிட்டது, ஏன்?

இறகு உதிர்க்கிற பருவமா என்று முதலில் பாருங்கள், அப்போது ஒன்றிரண்டு மாதம் இடாது, புது இறகு முளைக்கத்தான் சத்தெல்லாம் போகும். மார்கழி தையில் பகல் குறைவதாலும் குறையும். அப்புறம் பேன், செள்ளு. இறக்கைக்கு அடியில் விரித்துப் பாருங்கள். ஒரு பழைய டயரில் மணலும் அடுப்புச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் போட்டு வைத்தால் தானே புரண்டு சரிசெய்துகொள்ளும். இதெல்லாம் இல்லையென்றால், வேறு எங்கோ ஒளித்து இட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒருமுறை பதினொன்று எடுத்தேன்.

கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகுமா?

ஆகாது. என் ஐந்து கோழி மாதம் பதினாறு, பதினேழு கிலோ தின்கிறது, நல்ல மாதத்தில் எழுபது முட்டை. தீனிச் செலவு மட்டும் முட்டைக்கு எட்டு ரூபாய் வருகிறது. கூட்டுக்குப் போட்ட 14,000 ரூபாயும் என் உழைப்பும் இதில் சேரவில்லை. கடை நாட்டுக்கோழி முட்டையோடு ஒப்பிட்டால் லாபம் மாதிரி தெரியும், நாமக்கல் முட்டையோடு ஒப்பிட்டால் நஷ்டம். முட்டை மலிவாக வேண்டுமென்றால் நாமக்கல்காரர்களை நம்மால் ஜெயிக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

வீட்டு முட்டையில் சத்து அதிகம்தானே? கழுவி வைக்கலாமா?

பெரிய வித்தியாசம் இல்லை. மஞ்சள்கரு ஆழ்ந்த நிறமாக இருப்பது கீரையும் மக்காச்சோளமும் தின்பதால், ஓடு பழுப்பாக இருப்பது இனத்தால். பழுப்பு ஓடு இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று அர்த்தமில்லை, பழுப்பு முட்டை இடுகிற பண்ணைக்கோழியும் உண்டு. ருசி? எனக்கு வித்தியாசம் தெரிகிறது, அது அன்று இட்ட முட்டை என்பதாலும் இருக்கலாம்.

கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் மெல்லிய படலம் இருக்கிறது, கிருமியை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவித்தான் தீர வேண்டுமென்றால் உடனே சமைத்துவிடுங்கள். சேவல் வைத்திருப்பவர்கள் தினமும் எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும், சென்னை வெயிலில் கருக்கட்டிய முட்டை மூன்று நாள் வெளியே கிடந்தால் உடைக்கும்போது ரத்த நரம்பு தெரியும்.

வயதானால் என்ன செய்வீர்கள்?

இரண்டு மூன்று வருடம் நன்றாக இடும். அதன் பிறகு குறையும். ஆனால் கோழி எட்டு வருடம்கூட இருக்கும். ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை, விருந்தாள் வந்தால் குழம்பு. என் அம்மா இன்றும் அப்படித்தான், அதில் எந்தக் குற்றவுணர்வும் கிடையாது. நான் பட்டாணி, கீரி என்று பேர் வைத்துத் தொலைத்துவிட்டேன், பேர் வைத்ததை அறுக்க வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. அதனால் என் ஐந்தில் ஒன்று முட்டையே இடாமல் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் எது என்றாலும் சரிதான், வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுகிறேன் என்பது மட்டும் கூடாது, அன்று ராத்திரியே நாய் தின்றுவிடும்.

தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போனால்?

ஒரு ராத்திரி என்றால் தீனியும் இரண்டு சட்டித் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் ஆள் வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் மாமியின் பேரன். முட்டையைத் தொட மாட்டான், ஆனால் தீனி போட்டுக் கூட்டைப் பூட்டிவிட்டு, எந்தக் கோழி எத்தனை இட்டது என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருப்பான்.

சரி அக்கா, நான் எதிலிருந்து தொடங்கட்டும்?

பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதிலிருந்து. அப்புறம் கூடு. கூடு முடிந்து, கூளம் வாங்கி வைத்த பிறகு கோழி. எல்லோரும் கோழியை முதலில் வாங்கிவந்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கூட்டுக்குத் தச்சரைத் தேடுகிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் மாடிக்கு வாருங்கள், கூளம் அள்ளுகிற நாள் அது. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். போகும்போது நாலு முட்டை தருகிறேன்.